கப்பல், ஆலை, ஒண்டுக்குடித்தனம்: குடியேறிகளின் அமெரிக்காவைப் புரிந்துகொள்ள ஓர் எளிய அறிமுகம்

1900-களின் தொடக்கத்தில், நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் வந்து இறங்கியவரிடம் அதிகாரி வரிசையாகக் கேள்விகள் கேட்பார். பெயர், வயது, தொழில், கையில் எவ்வளவு பணம் என்று போகும். நடுவே ஒரு கேள்வி வரும்: இங்கே உனக்கு வேலை ஏதும் பேசி வைத்திருக்கிறார்களா?

"ஆமாம்" என்றால் உடனே உள்ளே விட்டுவிடுவார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் ஆமாம் என்றவர் மாட்டிக்கொள்வார். வெளிநாட்டிலேயே ஒப்பந்தம் போட்டுக் கூலியாட்களை அழைத்து வரக் கூடாது என்று 1885-இல் ஒரு சட்டம் வந்திருந்தது. அமெரிக்கத் தொழிலாளர் சங்கங்கள் போராடி வாங்கிய சட்டம் அது. உள்ளூர்க்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தால் முதலாளிகள் கப்பல் வழியாக ஆள் இறக்குகிறார்கள் என்பது அவர்கள் கோபம். அதே சமயம், இவர் பிழைக்க வழியில்லாமல் அரசுக்குப் பாரமாவார் என்று பட்டாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே தப்பிக்கிற பதில் இப்படி இருக்க வேண்டும்: வேலை எதுவும் பேசவில்லை, ஆனால் எந்த வேலையும் செய்வேன், என் மாமா இங்கே இருக்கிறார்.

அந்த மாமாவைப் புரிந்துகொண்டால் அந்தக் காலமே பாதி புரிந்துவிடும்.

அன்றைய அமெரிக்கக் குடியேற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கதைகளில் ஒன்றைச் சொல்கிறார்கள். வெறுங்கையோடு வந்தார்கள், உழைத்தார்கள், முன்னேறினார்கள் என்பது ஒன்று. படிப்பறிவில்லாத கூட்டம் வந்து குவிந்து நகரங்களைச் சேரியாக்கியது என்பது மற்றொன்று. இரண்டுமே குடியேற்றத்தைத் தனியாகவும் ஆலையைத் தனியாகவும் நகரத்தைத் தனியாகவும் பார்க்கின்றன. இவை ஒன்றின் பல்லில் ஒன்று கோத்துச் சுழன்ற சக்கரங்கள். ஒன்றை மட்டும் கழற்றிப் பார்த்தால் அது ஏன் சுற்றியது என்றே தெரியாது.

கல்யாண வீட்டு அடுப்படி

முதலில் ஆலையிலிருந்து தொடங்குவோம். வீட்டில் சாம்பார் வைப்பவர் காய் நறுக்குவது முதல் தாளிப்பது வரை எல்லாம் தாமே செய்கிறார். உப்பின் அளவு அவர் கைக்குத் தெரியும். அவர் இல்லாவிட்டால் அன்று சாம்பார் இல்லை. இப்போது ஆயிரம் பேருக்குக் கல்யாணச் சமையல் என்று வையுங்கள். ஒருவர் வெங்காயம் மட்டும் உரிக்கிறார், ஒருவர் தேங்காய் மட்டும் துருவுகிறார். வெங்காயம் உரிக்க வந்தவருக்குச் சாம்பார் வைக்கத் தெரிய வேண்டியதில்லை. அவர் எழுந்து போனாலும் அந்த இடத்தில் யாரையாவது உட்கார வைத்துவிடலாம்.

தொழில்மயமாக்கல் என்பதன் உள்ளே நடந்த முக்கியமான மாற்றம் இதுதான். பட்டறையில் கையால் நடந்த உற்பத்தி, இயந்திரங்களும் எரிசக்தியும் கொண்ட பெரிய ஆலைக்கு மாறுவதையும், அங்கே ஒரு முழு வேலை பல சிறு துண்டுகளாக உடைக்கப்படுவதையும் சேர்த்துத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. புகைபோக்கியும் நீராவி இயந்திரமும் கண்ணுக்குத் தெரிவதால் அவற்றையே பேசுகிறோம். வேலை துண்டு துண்டானதைப் பேசுவதில்லை.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, 1865 கிறிஸ்துமஸ் நாளில் திறக்கப்பட்ட சிகாகோவின் மாட்டுத்தொட்டி, அதாவது கால்நடைச் சந்தையும் இறைச்சிக்கூடங்களும் சேர்ந்த வளாகம். கறிக்கடைக்காரர் ஒருவர் தனியாகச் செய்த வேலையை அங்கே 30-க்கும் மேற்பட்ட தனித்தனி வேலைகளாகப் பிரித்தார்கள். விலங்கு மேலே சங்கிலியில் தொங்கியபடி நகர்ந்து வரும். ஒவ்வொரு ஆளும் நின்ற இடத்தில் நின்று ஒரே ஒரு வெட்டு வெட்டுவார். தோலைக் கிழிக்காமல் உரிக்கத் தெரிந்த மிகச் சிலர் மணிக்கு 50 சென்ட் வாங்கினார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு 20 சென்ட் அல்லது அதற்கும் கீழே. ஹென்றி ஃபோர்டு 1913-இல் கார் ஆலையில் ஓடவிட்ட புகழ்பெற்ற நகரும் வரிசைக்கு இதுவும் ஒரு முன்மாதிரி. சிகாகோவில் பிரித்துப் போட்ட வரிசையை அவர் பூட்டிச் சேர்க்கும் வரிசையாக மாற்றினார்.

நேற்றுக் கப்பலில் இறங்கிய, ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாத விவசாயியும் இந்த வேலையை ஒரே காலைப்பொழுதில் கற்றுக்கொள்ளலாம். அதனால்தான் அவர் தேவைப்பட்டார். அதனாலேயே அவரை எப்போது வேண்டுமானாலும் அனுப்பிவிடவும் முடிந்தது.

கோதுமை கிழக்கே போனது, ஆட்கள் மேற்கே வந்தார்கள்

1880-க்கும் 1920-க்கும் இடையில் 2 கோடிக்கும் அதிகமானவர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். வறுமை துரத்தியது என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறோம். வறுமை அதற்கு முன்னும் இருந்ததே, அப்போது ஏன் வரவில்லை?

அமெரிக்கச் சமவெளிகளில் ரயில் பாதை போட்டதும், அங்கே விளைந்த கோதுமை மலிவாகத் துறைமுகத்துக்கு வந்தது. நீராவிக் கப்பல் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனது. ஐரோப்பியச் சந்தையில் தானிய விலை சரிந்தது. துண்டு நிலம் வைத்திருந்த விவசாயிக்கு வரி கட்டவும் வழியில்லை. கோதுமை கொண்டுபோன கப்பல் திரும்பும்போது அதே விவசாயியை ஏற்றிக்கொண்டது. பாய்மரக் காலத்தில் ஒரு மாதத்துக்கு மேலும் இழுத்த பயணம் ஒன்று அல்லது இரண்டு வாரமாகச் சுருங்கியிருந்தது. அவரைக் கிளப்பிவிட்டதும், சுமந்து வந்ததும், வந்த இடத்தில் வேலை கொடுத்ததும் ஒரே பொருளாதாரம்தான்.

எல்லோருக்கும் காரணம் இது ஒன்றே என்று சொல்லிவிட முடியாது. ரஷ்யப் பேரரசின் யூதர்கள் 1881-இல் ஜார் மன்னர் கொல்லப்பட்ட பிறகு நடந்த வன்முறைகளுக்கும் தங்களை ஒடுக்கிய சட்டங்களுக்கும் தப்பி ஓடி வந்தார்கள். அவர்கள் குடும்பத்தோடு வந்தார்கள், திரும்பிப் போகவில்லை. தென் இத்தாலியர்களோ பெரும்பாலும் ஆண்கள் மட்டும் வந்தார்கள். சில ஆண்டுகள் பாடுபட்டு, பணம் சேர்த்து, ஊரில் நிலம் வாங்க வேண்டும் என்பது கணக்கு. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் திரும்பியும் போனார்கள். அமெரிக்காவுக்குப் போனவர்கள் எல்லோரும் அங்கேயே வேர்விடப் போனார்கள் என்று நினைப்பது இந்த விஷயத்தில் மிகப் பரவலான தவறு. மோசமான அறை, மோசமான சாப்பாடு, 12 மணி நேர வேலை எல்லாவற்றையும் ஒருவர் ஏன் பொறுத்துக்கொண்டார் என்ற கேள்விக்கு, "இன்னும் மூன்று வருஷம்தானே" என்ற எண்ணம் பெரிய விடை.

மாமா எழுதிய கடிதம்

இத்தனை பேர் எந்த ஊருக்குப் போவது, யாரிடம் வேலை கேட்பது என்று எப்படி முடிவு செய்தார்கள்? யாரும் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யவில்லை. முன்னால் போன ஒருவர் கடிதம் எழுதுவார், கூடவே கப்பல் டிக்கெட்டும் அனுப்புவார். தம்பி வருவான், அடுத்து மச்சான், அடுத்து பக்கத்து வீட்டுக்காரர். இதற்குச் சங்கிலிக் குடியேற்றம் என்று பெயர். ஒரு கிராமத்தின் பாதி, கடல் கடந்து ஒரே தெருவில் போய் முளைத்தது இப்படித்தான். ஒரே ஊர்க்காரர்கள் கும்பலாக வாழ்ந்ததைப் பார்த்து, "மற்றவர்களோடு கலக்க மாட்டார்கள்" என்று அன்றைய பத்திரிகைகள் எழுதின. புது ஊரில் இரவு எட்டு மணிக்கு வந்து இறங்குகிறவர், தெரிந்த ஒருவர் வீட்டுக் கதவைத்தானே தட்டுவார்.

இங்கே இன்னொரு நம்பிக்கையையும் சரிசெய்துவிடுகிறேன். எல்லிஸ் தீவு அதிகாரிகள் வாயில் நுழையாத பெயர்களை இஷ்டத்துக்கு மாற்றி எழுதினார்கள் என்று பல அமெரிக்கக் குடும்பங்களே இன்றும் நம்புகின்றன. அதிகாரிகள் புதிதாகப் பெயர் எதையும் எழுதவில்லை. கப்பல் கிளம்பிய துறைமுகத்தில் எழுதிய பயணிகள் பட்டியலை வைத்துக்கொண்டு சரிபார்த்தார்கள். மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். பிற்காலத்தில் நியூயார்க் மேயரான ஃபியோரெல்லோ லா கார்டியாவே 1907 முதல் 1910 வரை அங்கே மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் குடியேறிகளே. பள்ளிக்கூடத்திலும் ஆலையிலும் கடைப் பலகையிலும் எளிதாக இருக்கட்டும் என்று பின்னால் மாற்றிக்கொண்டார்கள். திருப்பி அனுப்பப்பட்டவர்களும் நாம் நினைப்பதைவிடக் குறைவு, நூற்றுக்கு இரண்டு பேர் அளவுதான்.

ஆனால் அந்தக் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1869-இல் முடிந்த கண்டம் தாண்டும் ரயில் பாதையின் மேற்குப் பகுதியை, மலையைக் குடைந்து போட்டவர்கள் பெரும்பாலும் சீனத் தொழிலாளர்கள். 13 ஆண்டுகள் கழித்து, 1882-இல், சீனத் தொழிலாளர் நுழையவே கூடாது என்று சட்டம் வந்தது. 1943 வரை அது நீக்கப்படவில்லை. 1917-இல் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதி தடுக்கப்பட்டது. அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியருக்கு, வெள்ளையர் அல்ல என்று காரணம் சொல்லிக் குடியுரிமை கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். அது 1923. "அமெரிக்கா எல்லோரையும் வரவேற்றது" என்று யாராவது சொன்னால் இந்த ஆண்டுகளைச் சொல்லுங்கள்.

இதுவரை: ஆலையில் வேலை துண்டு துண்டானது, அதனால் பழகாத ஆட்கள் போதும் என்றானது. மலிவான தானியமும் வேகமான கப்பலும் அந்த ஆட்களை நகர்த்தின. எந்த ஊருக்கு என்பதை உறவும் கடிதமும் முடிவு செய்தன.

ஆலை வாசலில் காலை ஆறு மணி

இன்று பெரிய நிறுவனம் என்றால் விண்ணப்பம், நேர்காணல், நியமனக் கடிதம் எல்லாம் உண்டு. அன்று எதுவும் கிடையாது. காலையில் ஆலை வாசலில் கூட்டம் நிற்கும். ஃபோர்மேன், அதாவது நம் ஊர் வழக்கில் மேஸ்திரி, வெளியே வந்து ஆட்களைப் பார்த்து "நீ, நீ, நீ" என்று கை காட்டுவார். அவ்வளவுதான் வேலை நியமனம். சிகாகோ மாட்டுத்தொட்டியில் காலைதோறும் நடந்தது இது. எவ்வளவு நாள் வேலை, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் அன்று வந்த மாடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஃபோர்டு ஆலையில் 1913-இல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, அந்த ஒரே ஆண்டில் 52,000 பேரைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஆட்கள் அவ்வளவு வேகமாக வந்து போனார்கள். மறு ஆண்டு அவர் நாளுக்கு 5 டாலர் வரை தருவதாக அறிவித்ததற்கு இதுவும் முக்கியக் காரணம்.

மேஸ்திரிக்கு யாரைத் தெரியும்? ஏற்கெனவே வேலை பார்க்கும் ஆட்களை. அவர்களில் ஒருவர், "என் மருமகன் வந்திருக்கிறான், நல்லா வேலை செய்வான்" என்றால் இடம் கிடைக்கும். எல்லிஸ் தீவில் பெயர் சொன்ன அதே மாமா இங்கேயும் வேலை செய்கிறார். ஒரு பிரிவு முழுக்கப் போலந்துக்காரர்கள், இன்னொன்று முழுக்க லித்துவேனியர்கள் என்று அமைந்தது இதனால்தான். இன்னின்ன நாட்டினருக்கு இன்னின்ன வேலைதான் வரும் என்று அன்று எழுதியவர்கள், மேஸ்திரியின் கண்ணுக்கு யார் பட்டார்கள் என்பதை ரத்தத்தில் ஊறிய குணமாக எடுத்துக்கொண்டார்கள்.

ஏன் அவ்வளவு நெரிசல்?

என்னைப் பொறுத்தவரை அதிகம் தவறாகப் பேசப்படுவது இந்தப் பகுதிதான். நியூயார்க்கின் கீழ் கிழக்குப் பகுதியில் 1890-களில் சில வட்டாரங்களில் ஓர் ஏக்கருக்கு 500 பேருக்கு மேல் வாழ்ந்தார்கள். அவர்களுக்கு அப்படி வாழ்ந்துதான் பழக்கம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். பழக்கத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள்.

வேலை தினமும் வாசலில் கிடைக்கிறது என்றால், விடிவதற்குள் வாசலில் நிற்க வேண்டும். ஆகவே நடந்து போகும் தூரத்தில் வீடு வேண்டும். டிராம் இருந்ததே என்று கேட்கலாம். கட்டணம் 5 சென்ட். போக ஐந்து, வர ஐந்து, வாரத்தில் ஆறு நாள், மொத்தம் 60 சென்ட். வாரக் கூலி 9 டாலர் என்றால் பதினைந்தில் ஒரு பங்கு டிராமுக்கே போய்விடும். வீட்டில் மூன்று பேர் வேலைக்குப் போனால் மூன்று மடங்கு. வேலை கிடைக்காத நாளிலும் வாசல் வரை போய் வர வேண்டுமே. அதனால் ஆலைக்குப் பக்கத்திலேயே எல்லோரும் வீடு தேடினார்கள், அங்கே வாடகை ஏறியது, ஏறிய வாடகையைப் பலர் சேர்ந்து பகிர்ந்தார்கள்.

இப்படிப் பல குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்ட அடுக்குக் கட்டடங்களை அங்கே டெனமெண்ட் என்றார்கள். நமக்குத் தெரிந்த சொல் ஒண்டுக்குடித்தனம். 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட மனையில் ஐந்தாறு மாடி எழுப்புவார்கள். ரயில் பெட்டிபோல அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெளிப்பக்கம் இருக்கும் ஓர் அறைக்குத்தான் ஜன்னல். நடு அறைகள் பகலிலும் இருட்டு. ஆர்ச்சர்டு தெருவின் 97-ஆம் எண் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. 1863-இல் கட்டிய அந்த ஒரே கட்டடத்தில் ஏறக்குறைய 7,000 பேர் வெவ்வேறு காலங்களில் வாழ்ந்திருக்கிறார்கள்.

நல்லெண்ணம் மட்டும் போதாது என்பதற்கும் இந்தக் கட்டடங்களே சாட்சி. எல்லா அறைக்கும் காற்று வர வேண்டும் என்று 1879-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். கட்டுகிறவர்கள் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே குறுகலான ஓர் இடைவெளியை விட்டு, அதைப் பார்த்தபடி ஜன்னல் வைத்தார்கள். மேல் மாடிக்காரர்கள் குப்பையை அதில் போட்டார்கள், நாற்றம் ஏறியது. தீப்பிடித்தால் அதுவே புகைபோக்கியாகி நெருப்பை மாடிக்கு மாடி ஏற்றியது. 1901 சட்டம்தான் அந்த வடிவத்தைத் தடைசெய்து, புதிய கட்டடங்களில் வெளிச்சமும் குழாய்த் தண்ணீரும் வீட்டுக்கு ஒரு கழிப்பறையும் கட்டாயமாக்கியது.

சூடு ஆறாத கட்டில்

பிட்ஸ்பர்க் எஃகு ஆலைகளில் ஒரு ஷிஃப்ட் 12 மணி நேரம். பகல் ஷிஃப்டும் இரவு ஷிஃப்டும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாறும். மாறுகிற அன்று ஒரு கூட்டம் தொடர்ந்து 24 மணி நேரம் உலை முன்னால் நிற்கும். 1923-இல்தான் இந்த 12 மணி நேர முறை ஒழியத் தொடங்கியது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. பகல் ஷிஃப்ட் ஆள் எழுந்து போன கட்டிலில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர் படுப்பார். கட்டில் சூடு ஆறுவதே இல்லை. இவர்கள் வீட்டுக்காரரின் உறவினர் அல்லது ஊர்க்காரர், வாடகைக்குத் தங்கிச் சாப்பிடுகிறவர்கள். ஒரு குடும்பம் நாலைந்து பேரை இப்படி வைத்துக்கொண்டால் அந்த வீட்டு வாடகை தேறிவிடும்.

வேலை பற்றிய கணக்குகளில் அடிக்கடி விட்டுப்போகிற ஒருவர் இங்கே இருக்கிறார். அந்த வீட்டுப் பெண். தன் குடும்பத்தோடு சேர்த்து அத்தனை ஆண்களுக்கும் சமைத்து, இரண்டு ஷிஃப்டுக்கும் தனித்தனியாகச் சோற்றுப் பெட்டி கட்டி, எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் படிந்த துணிகளை முற்றத்துக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து துவைத்தவர் அவர். கணக்கெடுப்பில் இவருக்கு எதிரே "தொழில் இல்லை" என்று பதிவாவது சாதாரணம். எஃகு ஆலை அவ்வளவு குறைந்த கூலியில் ஆள் வைத்திருக்க முடிந்தது என்றால், கூலியில் விழுந்த துண்டை இவருடைய உழைப்பு நிரப்பியது என்பதால்தான். நியூயார்க்கில் வீடே ஆலையாகவும் இருந்தது. ஒப்பந்தக்காரர் வெட்டிய துணிகளைக் கொண்டுவந்து கொடுப்பார். குடும்பமே உட்கார்ந்து தைத்து, தைத்த எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும். நமக்குத் தெரிந்த பீஸ் ரேட் முறைதான் இது. நாளெல்லாம் ஆட்களைக் கசக்கிப் பிழிந்த இத்தகைய சிறு தையல் கூடங்களுக்கு ஸ்வெட்ஷாப் என்று பெயர்.

சுருக்கமாக: நிச்சயமில்லாத வேலை நடை தூரத்தில் வீடு தேட வைத்தது. அது வாடகையை ஏற்றியது. வாடகை வீட்டுக்குள் ஆட்களைச் சேர்த்தது. புதிதாக வருகிறவர் தங்கவும் அந்த வீடே இடம் தந்தது, சங்கிலி இன்னும் நீண்டது.

விபத்து யார் கணக்கில்?

கை போனால், உயிர் போனால் யார் பொறுப்பு? அன்றைய நீதிமன்றங்களின் பார்வையில், ஆபத்து தெரிந்தே வேலைக்கு வந்தார், ஆகவே அது அவர் பாடு. உடன் வேலை பார்த்தவரின் தவறு என்றாலும் முதலாளிக்குப் பொறுப்பில்லை. இதை மாற்ற நியூயார்க் மாநிலம் 1910-இல், விபத்தில் அடிபட்டவருக்கு யார் தவறு என்று பார்க்காமல் பணம் தரும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911 மார்ச் 24 அன்று அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் அது செல்லாது என்றது.

மறுநாள், மார்ச் 25, சனிக்கிழமை மாலை, நியூயார்க்கில் ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் இருந்த டிரையாங்கிள் ரவிக்கை ஆலையில், வெட்டுத் துணிக் குவியலில் தீப்பிடித்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. வேலை முடிந்து போகிறவர்களின் பையைச் சோதிக்க வசதியாக ஒரே வழியாக அனுப்பும் வழக்கம் அங்கே இருந்தது. வெளிப்புற இரும்பு ஏணிப்படி பாரம் தாங்காமல் சரிந்து விழுந்தது. தீயணைப்பு ஏணி ஆறாவது மாடிவரைதான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களின் இளம்பெண்கள். உரிமையாளர்கள் இருவரும் வழக்கில் விடுதலையானார்கள்.

அந்தப் பெண்கள் பேசாமல் இருந்தவர்கள் அல்லர் என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம். 1909-இல் கிளாரா லெம்லிக் என்ற இளம்பெண் கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷில் பேசிய பேச்சு, 20,000-க்கும் மேற்பட்ட தையல் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்தில் இறக்கியது. டிரையாங்கிள் பெண்களும் அதில் இருந்தார்கள். பல ஆலைகள் சங்கத்தை ஏற்றன. இந்த ஆலை ஏற்கவில்லை. தீயை நேரில் பார்த்தவர்களில் ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் ஒருவர். அடுத்த சில ஆண்டுகளில் நியூயார்க்கில் 30-க்கும் மேற்பட்ட ஆலைப் பாதுகாப்பு, தொழிலாளர் சட்டங்கள் வர உழைத்தவர்களில் அவரும் உண்டு. 1933-இல் அவர் அமெரிக்காவின் தொழிலாளர் துறை அமைச்சரானார், அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே.

மொழி தெரியாதவர்கள் எப்படி ஒன்று சேர்ந்தார்கள்?

குடியேறிகள் ஆளுக்கொரு மொழி பேசுகிறவர்கள், ஒன்றுசேரவே மாட்டார்கள் என்று முதலாளிகள் நம்பினார்கள். வேண்டுமென்றே பல நாட்டினரைக் கலந்து வேலையில் போட்ட ஆலைகளும் உண்டு. பழைய கைவினைஞர் சங்கங்களும் இதையே நம்பி அவர்களைச் சேர்க்காமல் விட்டன. மாசசூசெட்ஸின் லாரன்ஸ் என்ற கம்பளி ஆலை நகரம் இதைப் பொய்யாக்கியது.

1912 ஜனவரி 1 முதல் பெண்களும் சிறார்களும் வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று மாநிலச் சட்டம் வந்தது. அதுவரை 56. நல்ல சட்டம்தான். ஆனால் முதல் சம்பளப் பட்டுவாடாவில், குறைந்த இரண்டு மணி நேரத்துக்கான கூலியும் வெட்டப்பட்டிருந்தது. சராசரி வாரக் கூலியே 9 டாலருக்குக் குறைவு. வெட்டிய சில்லறை சில ரொட்டிகளின் விலை, அது அந்த வாரத்துச் சாப்பாடு. போலந்துப் பெண்கள் தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். சில நாட்களில் 20,000 பேருக்கு மேல் வெளியே நின்றார்கள்.

ஒவ்வொரு நாட்டினரும் தங்களுக்குள் நான்கு பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துப் பொதுக் குழுவுக்கு அனுப்பினார்கள். கூட்டத்தில் பேசியது எல்லா மொழியிலும் திரும்பச் சொல்லப்பட்டது. ஆலை முன்னால் கூடி நிற்கக் கூடாது என்று தடை போட்டதும், நிற்காமல் நடக்கத் தொடங்கினார்கள். ஆலைப் பகுதியைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் வளையமாக இரவும் பகலும் நடந்தார்கள். பொதுச் சாப்பாட்டுக் கூடங்களை நடத்தியதும் அந்தந்த நாட்டு ஊர்ச் சங்கங்களே. நோய்க்கும் சாவுக்கும் உதவ மாதாமாதம் காசு சேர்த்து வந்த சங்கங்கள் அவை. ஆள் சேர்க்க உதவிய அதே உறவுச் சங்கிலி இப்போது போராட்டத்தைத் தாங்கியது.

பட்டினி நெருங்கியதும் 119 குழந்தைகளை நியூயார்க்கிலுள்ள ஆதரவாளர்கள் வீடுகளுக்கு அனுப்பினார்கள். உடன் போன செவிலியர் மார்கரெட் சாங்கர் பின்னர் நாடாளுமன்ற விசாரணையில் சொன்னார்: 119 பேரில் 4 பேர்தான் உள்ளாடை அணிந்திருந்தார்கள். பனிக்காலம் அது, கம்பளித் துணி நெய்கிற ஊரின் குழந்தைகள் அவர்கள். பிப்ரவரி 24 அன்று இன்னொரு குழந்தைகள் கூட்டம் கிளம்பியபோது போலீஸ் ரயில் நிலையத்தில் தாய்மார்களை அடித்து இழுத்துப் போனது. நாடே கொதித்தது. மார்ச் நடுவில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். குறைந்த கூலிக்காரர்களுக்கு அதிக உயர்வு என்ற வகையில் கூலி ஏறியது. நியூ இங்கிலாந்தின் மற்ற ஆலைகளும் பயந்து உயர்த்தின. இந்தப் போராட்டத்தை வழிநடத்திய தொழிற்சங்கம் சில ஆண்டுகளில் அங்கே நலிந்துபோனதையும் சொல்ல வேண்டும். வென்ற கூலியைப் பிடித்து வைத்திருக்க நிலையான அமைப்பு அவர்களிடம் இல்லை.

நாம் கொண்டாடும் மே நாளின் வேரும் இந்த நகரங்களில்தான் இருக்கிறது. 8 மணி நேர வேலை கேட்டு 1886 மே 1-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்தின்போது, மே 4 அன்று சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் குண்டு வெடித்தது. அதற்காகத் தண்டனை பெற்ற 8 பேரில் 5 பேர் ஜெர்மனியில் பிறந்த குடியேறிகள். குண்டை எறிந்தது யார் என்று நிரூபிக்காமலே நால்வரைத் தூக்கிலிட்டார்கள். அந்த நினைவு 1923-இல் சென்னைக் கடற்கரைக்கு வந்தது. இந்தியாவின் முதல் மே நாளைச் சிங்காரவேலர் அங்கே கொண்டாடினார்.

கதவு மூடிய பிறகு

1920 கணக்கெடுப்பில் முதன்முறையாக அமெரிக்கர்களில் பாதிக்கு மேல் நகரவாசிகள் என்று வந்தது. (2,500 பேர் இருந்தாலே நகரம் என்று அன்று கணக்கு, எனவே எல்லோரையும் நியூயார்க்கில் கற்பனை செய்ய வேண்டாம்.) நான்கு ஆண்டுகளில், 1924-இல், ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. ஒரு நாட்டிலிருந்து ஆண்டுக்கு இத்தனை பேர்தான் வரலாம் என்ற உச்ச வரம்புதான் ஒதுக்கீடு. 1890-இல் அமெரிக்காவில் வாழ்ந்த அந்நாட்டினரில் நூற்றுக்கு 2 என்று அளவு வைத்தார்கள். ஏன் 1890? இத்தாலியர்களும் யூதர்களும் போலந்துக்காரர்களும் பெருமளவில் வருவதற்கு முந்தைய ஆண்டு அது. அவர்களுக்குக் கதவு ஏறக்குறைய மூடியது.

ஆலைகளுக்கு ஆள் தேவை நிற்கவில்லையே. ஒதுக்கீட்டில் சேராத மெக்சிகர்கள் வந்தார்கள். முதல் உலகப் போர்க் காலத்திலிருந்தே தெற்கு மாநிலங்களின் கறுப்பின மக்கள் ரயிலேறி வடக்கே வரத் தொடங்கியிருந்தார்கள். சிகாகோவில் 1910-இல் சுமார் 44,000 பேராக இருந்தவர்கள் 1920-இல் 1,09,000 ஆனார்கள். அதே கடிதங்கள், அதே உறவினர் முகவரி, அதே மாட்டுத்தொட்டி வாசல். ஒரே ஒரு வேறுபாடு, அது மிகப் பெரியது. இத்தாலியரின் பிள்ளைகள் கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஒண்டுக்குடித்தனத்தை விட்டு நல்ல தெருவுக்குக் குடிபோனார்கள். கறுப்பினத்தவர் கையில் காசு இருந்தாலும் வேறு தெருவில் வீடு கொடுக்கமாட்டார்கள். ஆகவே தெற்குப் பக்கத்து வட்டாரத்துக்குள்ளேயே பழைய வீடுகளைத் தடுப்பு வைத்துப் பிரித்து, ஒரே அறையில் ஒரு குடும்பம் சமைத்துப் படுக்க, மாடிக்கே பொதுவாக ஒரு குளியலறை என்று வாழ்ந்தார்கள்.